யாருடைய வக்கீல்?

கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவர்கள் ஜாதகம் பார்க்கிறார்கள்; வீடு வாங்குகிறவர்கள் வில்லங்கம் பார்க்கிறார்கள். இரண்டிலும், பார்த்துச் சொல்பவர் உள்ளதைச் சொல்ல வேண்டுமா, அல்லது நாம் ஆசைப்படுவதைச் சொல்ல வேண்டுமா என்பதில் நமக்கே ஒரு தடுமாற்றம் உண்டு.

எர்ணாவூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். அங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். அவ்வளவு காலமும் வாடகை வீடு. ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும், பக்கத்துத் தெருவில் ஒரு மூதாட்டி விற்க இருந்த ஓட்டு வீட்டின் மேல் அவருக்கு ஆசை விழுந்தது. ஒரு நாள் என்னிடம் வந்து, "சார், நல்ல வக்கீலா ஒருத்தரைச் சொல்லுங்க" என்றார்.

கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் சோப்பையும் சீயக்காயையும் போல வக்கீலை விளம்பரம் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்திய பார் கவுன்சிலின் விதிகள் வக்கீல் விளம்பரம் செய்வதையும், ஆள் வைத்துக் கட்சிக்காரரைப் பிடிப்பதையும் தடை செய்கின்றன. ஆகவே நாம் டீக்கடையில் விசாரிக்கிறோம், சம்பந்தியைக் கேட்கிறோம், வீட்டுத் தரகர் காட்டுகிற ஆளிடமே போய் நிற்கிறோம். கிரயம் முடிந்தால்தான் தரகருக்குக் கமிஷன். அவர் காட்டும் வக்கீல் "கிரயம் வேண்டாம்" என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. "பாங்கில் கடன் கொடுத்துவிட்டார்கள்; அவர்கள் வக்கீல் பார்த்துவிட்டார்" என்று நிம்மதி அடைகிறவர்களும் உண்டு. பாங்கின் வக்கீல் பாங்கின் பணத்துக்குக் காவல். உங்கள் தூக்கத்துக்கு அவர் காவல் அல்ல.

பத்திரப் பதிவு ஆகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்கக் கூடாது. நம் நாட்டில் பதிவாவது பத்திரமே தவிர, உரிமை அல்ல. வில்லங்கச் சான்றிதழும் பதிவானதை மட்டுமே சொல்லும். பதிவாகாத உயிலை அது அறியாது. கையெழுத்துப் போடாத வாரிசை அறியாது. சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களைப் பெயர் சொல்லியே, மூலப் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கும் முறையை 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் அனுமதித்திருக்கிறது. ஆகவேதான் கவனமுள்ள வக்கீல் நகலைப் பார்த்துத் திருப்தி அடையாமல், "அசல் எங்கே?" என்கிறார்.

நண்பர் முதலில் தரகர் காட்டிய வக்கீலிடம் போனார். அவர் அரை மணியில் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "கிளியர் டைட்டில். அந்தம்மா கைநாட்டு வைத்தால் போதும்" என்று சொல்லிவிட்டார். நண்பருக்கு அந்த வேகமே பயத்தைக் கொடுத்தது. பிறகு திருவொற்றியூரில் வயதான வக்கீல் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் பத்து நாள் எடுத்துக்கொண்டார். தாய்ப் பத்திரம், பட்டா, சர்வே வரைபடம், வரி ரசீது, வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் கேட்டார். மூதாட்டியின் கணவர் உயில் எழுதாமல் இறந்தவர். ஆகையால் 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டப்படி மகளுக்கும் பங்கு உண்டு, மகளும் கையெழுத்திட வேண்டும் என்றார். முதல் வக்கீல் அந்த மகள் இருப்பதையே கேட்கவில்லை.

நண்பர் மகிழ்ந்து போனார். ஆனால் வக்கீல் அதோடு நிறுத்தவில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் எட்டடி அகலத்தில் ஒரு வெற்றுத் துண்டு நிலம். அது பொது வழி என்றே மூதாட்டி நம்பியிருந்தார். கணவர் அப்படித்தான் சொல்லியிருந்தாராம். அதை விட்டுவிட்டுத்தான் விலை சொல்லியிருந்தார். வக்கீல் பத்திரத்தின் நான்கெல்லையையும் வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த எட்டடிக்கு அறுபதடி, ஆக 480 சதுர அடி, அந்த வீட்டைச் சேர்ந்தது. ஒரு கிரவுண்டில் ஐந்தில் ஒரு பங்கு!

"அப்படியானால் தாய்ப் பத்திரத்தில் உள்ளபடியே எழுதிவிடுங்கள், சார். அதுவும் நமக்கு வந்துவிடும்" என்றார் நண்பர்.

"எழுதலாம். ஆனால் முதலில் அந்த அம்மாளிடம் சொல்லிவிடுங்கள்" என்றார் வக்கீல்.

நண்பருக்கு முகம் சிவந்துவிட்டது. "பீஸ் கொடுப்பது நான். நீங்கள் அவங்களுக்காகப் பேசுறீங்களே! நீங்க யாரோட வக்கீல், சார்?"

"உங்கள் வக்கீல்தான். அதனால் நான் அந்த அம்மாளிடம் போய்ச் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்ல மனமில்லை என்றால் பத்திரத்தை வேறு யாரிடமாவது எழுதிக்கொள்ளுங்கள்."

வெளியே வந்ததும் நண்பர் என்னைப் பஞ்சாயத்துக்கு இழுத்தார். அவர் கேட்டது நியாயமாகவே பட்டது. "வக்கீலுக்குப் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்ட விஷயம். அது என் சம்பாத்தியம் இல்லையா? 2021-இல் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ரயில் வந்ததே. வரப்போகிறது என்று தெரிந்து அதற்கு முன்னாலேயே இடம் வாங்கினவன், விற்றவனிடம் போய்ச் சொன்னானா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் வித்தியாசம் புலப்பட்டது. ரயில் வருவது உலகத்தைப் பற்றிய செய்தி. கேட்டால் யாரும் சொல்லுவார்கள். முந்திக் கேட்டவன் லாபம் அடைகிறான். ஆனால் அந்த 480 சதுர அடி அந்த மூதாட்டியின் பொருள். தன்னிடம் என்ன இருக்கிறது என்று அறியாதவரிடம் அதை விலை இல்லாமல் வாங்குவது, உறங்குகிறவர் மடியிலிருந்து எடுப்பதற்கு எவ்வளவு தூரம்?

1882-ஆம் வருஷத்துச் சட்டமும் இதையேதான் சொல்லுகிறது. அதன் 55-ஆவது பிரிவு, விற்பவர் தம் சொத்தில் உள்ள மறைவான குறையை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. இது பலருக்குத் தெரியும். அதே பிரிவு, விற்பவர் அறியாத, அவருடைய உரிமையின் மதிப்பை உயர்த்துகிற உண்மை வாங்குபவருக்குத் தெரிந்திருந்தால் அவரும் சொல்லியாக வேண்டும் என்கிறது. இது அநேகருக்குத் தெரியாது. சொல்லாமல் விடுவதை மோசடி என்றே சட்டம் பெயரிடுகிறது. நாம் சட்டத்தை ஈவிரக்கமற்றது என்று ஏசுகிறோம். சில இடங்களில் நம்மைவிட அதற்கு இரக்கம் அதிகம்.

திருவொற்றியூர்க்காரர்களுக்கு இது புதிய கதையும் அல்ல. சுந்தரர் சங்கிலியாரை மணக்கும்போது பிரிவதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் இறைவன் மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று அவர் முன்னதாகவே ஏற்பாடு செய்துகொண்டார். கடவுள் இல்லாத சந்நிதியில் செய்த சத்தியம் கட்டாது அல்லவா? இதைவிடச் சாமர்த்தியமான பத்திரத்தை எந்த வக்கீல் எழுதிவிட முடியும்! ஆனால் இறைவன் அந்தச் செய்தியைச் சங்கிலியாருக்கும் கனவில் தெரிவித்துவிட்டார். சத்தியம் மகிழடியிலேயே நடந்தது. அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியபோது சுந்தரருக்குக் கண் போயிற்று என்கிறது பெரிய புராணம். தோழனுக்காகத் தூது போன கடவுள்கூட, தோழனுக்காக ஒரு பெண்ணை ஏமாற்றச் சம்மதிக்கவில்லை.

மறுநாள் நண்பரிடம் நான் இவ்வளவையும் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டேன்: "உங்களுக்காக அந்த அம்மாளிடம் மறைக்கிற வக்கீல், நாளைக்கு இன்னொருவருக்காக உங்களிடம் மறைக்க மாட்டாரா?" அந்தக் கேள்வி அவருக்கு உறைத்தது. ஆனால் அது பயத்தைத் தொட்ட கேள்வியே தவிர, அறத்தைத் தொட்டதல்ல என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஏமாறுவோமோ என்ற பயத்தால் நேர்மையாய் இருப்பவன், பயம் நீங்கினால் என்ன செய்வான்?

நண்பர் போய்ச் சொன்னார். நீங்கள் எதிர்பார்ப்பதுபோல் மூதாட்டி கண்ணீர் மல்க, "நீயே வைத்துக்கொள், தம்பி" என்று சொல்லிவிடவில்லை. இரண்டு நாள் மகளோடு கலந்து பேசிவிட்டு, அந்தத் துண்டுக்கும் கறாராக விலை சொன்னார். நண்பர் கொஞ்சம் கடன் வாங்க வேண்டி வந்தது. இன்றைக்கும் தவணை கட்டுகிற நாளில் அந்த வக்கீலைத் திட்டுகிறார்.

ஆனால் சென்ற மாதம் அவருடைய மைத்துனர் மணலியில் ஒரு வீடு விலை பேசினார். யாரிடம் பத்திரத்தைக் காட்டலாம் என்று அவர் கேட்டபோது, நண்பர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. திட்டிக்கொண்டே அந்தக் கிழவரின் விலாசத்தைத்தான் எழுதிக் கொடுத்தார்.