பார்த்து வரைவது பிழையா?

வந்தாறுமூலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் வகுப்பறைச் சுவரில், சிறுவர் வரைந்த சித்திரங்கள் ஒட்டப்பட்டிருந்தன. ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் இரண்டு மலைகள், அவற்றின் நடுவே உதயசூரியன், கீழே ஓர் ஆறு. கிழக்குக் கரைப் பிள்ளைக்குச் சூரியன் கடலிலிருந்தல்லவா எழுகின்றது? வாவியும் தோணியும், வயலும் எருமையும் கண்முன்னே இருக்க, காணாத மலையை அவன் ஏன் வரைந்தான்? புத்தகத்தில் அப்படி இருந்தது. அப்படி வரைந்தால் புள்ளி கிடைக்கும்.

வாசகரே, இதைச் சிறு விஷயமென்று தள்ளிவிடாதீர்கள். "நீ கண்டது பிழை, அச்சில் வந்ததே சரி" என்று ஏழு வயதில் பழகிய பிள்ளை, நாளை தான் நேரில் கண்ட அநீதியையும், பெரியவர்கள் சொல்லவில்லையே என்று விழுங்கிவிடுவான். தன் கண்ணுக்கு உண்மையாயிருப்பது சத்தியத்தின் முதற்படி.

அப்படியானால் படப் புத்தகங்களை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவதா? அதுவும் தவறே. 1658இல் கொமேனியஸ் என்ற கல்வியாளர் சிறுவர்க்கெனப் படங்கள் நிறைந்த பாடநூலை வெளியிட்டது, உலகத்தை அவர்கள் கண்ணாலும் கற்க வேண்டும் என்பதற்காகத்தான்.

"மாதிரி இல்லாமல் பிள்ளை எப்படி வரையும்?" என்று ஆசிரியர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் கூத்துக்களரியிலும் அண்ணாவியார் ஆடிக் காட்டித்தான் பழக்குகிறார். ஆனால் தாளம் அவர் கொடுத்தது. களரியில் எழும் குரலோ ஆடுபவனுடையது. கற்கவேண்டியது முறையை, பிரதி எடுக்கவேண்டியதில்லை.

மத்தியப் பிரதேசத்துக் கோண்டு இனத்து ஓவியர் பஜ்ஜு ஷியாம், 2002இல் ஓர் உணவகத்தின் சுவர்களில் ஓவியம் தீட்ட லண்டன் சென்றார். அங்கே கண்டவற்றைப் பின்னர் வரைந்தார். சென்னை தாரா பதிப்பகம் அவற்றை 2004இல் 'லண்டன் ஜங்கிள் புக்' என்ற நூலாக வெளியிட்டது. அதில் பிக் பென் மணிக்கூட்டுக் கோபுரம் நேரம் அறிவிக்கும் சேவலாகிறது. நம்பிக்கையுடன் ஏற்றிச்செல்லும் பஸ் நாயாகிறது. மாநகரத்தையும் அவர் தம் கிராமத்துக் கண்ணாலேயே பார்த்தார்.

இந்நூலை வகுப்பில் காட்டி, "இந்தச் சேவலை வரையுங்கள்" என்றால் பழைய பிழையே திரும்பவும் நடக்கும். நூலை மூடிவைத்து, "எங்கள் ஊர் பஸ் உனக்கு எந்த மிருகமாகத் தோன்றுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். அழைத்தாலும் அசையாத எருமை என்பான் ஒருவன். வெயிலில் பெருமூச்சு விடும் முதலை என்பாள் இன்னொருத்தி. முப்பது பிள்ளைகளிடமிருந்து முப்பது சித்திரங்கள் வரும். கோடு கோணலாயிருக்கலாம், பொய் இராது.

பெற்றோரே, இன்று மாலை உங்கள் பிள்ளை சித்திரக் கொப்பியைக் கொண்டுவந்தால், "புத்தகத்தில் உள்ளதுபோல் இல்லையே" என்று சொல்லாதீர்கள். "இதை எங்கே கண்டாய்?" என்று கேளுங்கள். பின்பு பொறுமையாகச் செவிகொடுங்கள்.