நீலத்தை விடாத ரசிகர்கள்

ஜொகூரின் பத்து பஹாட்டில் பிறந்த தொழிலதிபர் வின்சென்ட் டான், வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் சிட்டி காற்பந்துக் கழகத்தின் உரிமையாளர். நூறாண்டுக்கும் மேலாக நீலம் உடுத்திய அணிக்கு 2012-இல் சிவப்பு ஜெர்சியை மாட்டினார். சிவப்பு ராசியானது என்பது அவர் நம்பிக்கை. சின்னத்தில் இருந்த நீலப்பறவை சிறுத்து, சிவப்பு டிராகன் பெரிதானது.

அடுத்த ஆண்டே அணி பிரீமியர் லீக்கிற்கு உயர்ந்தது. ஆனாலும் ரசிகர்களின் மனம் ஆறவில்லை.

ஆட்டத்தின் 19-ஆவது நிமிடம் 27-ஆவது வினாடியில் நீலக் கழுத்துத்துண்டுகளை உயர்த்திப் பிடித்துப் பாடினார்கள்; ஏனெனில் கழகம் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்ற ஆண்டு 1927. என்ன அழகான எதிர்ப்பு!

டான் இறங்கிவந்தது பாராட்டத்தக்கது. 2015 ஜனவரி 10 அன்று, சொந்தத் திடலில் ஃபுல்ஹாமை எதிர்த்து கார்டிஃப் மீண்டும் நீலத்தில் ஆடியது.