குடியிருந்தவர் செய்த பிழை என்ன?

2008 அக்டோபரில், அமெரிக்காவின் சிகாகோ நகரை உள்ளடக்கிய குக் மாவட்டத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றக் கடமைப்பட்ட ஷெரீப் டாம் டார்ட், கடனுக்காக வங்கிகள் கைப்பற்றிய வீடுகளிலிருந்து எவரையும் வெளியேற்ற மாட்டேன் என்று அறிவித்துவிட்டார். அவருடைய காவலர்கள் கதவைத் தட்டிய வீடுகள் பலவற்றில் இருந்தவர்கள் கடனாளிகளே அல்லர். மாதந்தவறாது வாடகை செலுத்திவந்த குடித்தனக்காரர்கள். வீட்டுக்காரர் அப்பணத்தைப் பெற்றுக்கொண்டே வங்கித் தவணையைக் கட்டாமல் விட்டதும், வீடு கைமாறியதும் அவர்களுக்குத் தெரியாது.

வங்கியின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. "ஈடு முந்தியது, வாடகை ஒப்பந்தம் பிந்தியது. பிந்தி வந்தவர் என் உரிமையைக் குறைக்கலாமா?" என்று அது கேட்கிறது. பல மாநிலங்களில் சட்டமும் வழிவழியாக அதையே சொல்லிவந்தது: ஈடு மூழ்கினால், பின்னர் எழுதிய வாடகைச் சீட்டும் உடன் மூழ்கும்.

முந்தியவர் யார் என்பதோடு, அறிந்திருக்கக்கூடியவர் யார் என்றும் கேட்க வேண்டாமா? தவணை தவறியதை வங்கி அறியும், வீட்டுக்காரர் அறிவார். குடித்தனக்காரருக்கு மட்டும் அதை அறிய வழியில்லை. இருட்டில் நிறுத்தப்பட்டவர் மீதே முழுச் சுமையையும் ஏற்றுவது எந்த நீதி?

2009 மே 20 அன்று கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் இதற்கு விடை கூறியது. வீட்டைப் பெறுபவர் குறைந்தது 90 நாள் அறிவிப்புத் தர வேண்டும். முறையான ஒப்பந்தம் இருந்தால் அதன் காலம் முடியும்வரை பொறுக்க வேண்டும். வாங்கியவர் தாமே அங்கு குடியேறுவதாயின் 90 நாள் போதும். அவருக்கும் கூரை வேண்டுமன்றோ! கடனாளியின் துணைவர், பிள்ளை, பெற்றோர் ஆகியோருக்கு இப்பாதுகாப்பு இல்லை. உறவினர் பெயரில் போலிச் சீட்டு எழுதுவோர் எந்த நாட்டில்தான் இல்லை?

நம் ஃபிக்ஹு நூல்களைக் கற்றோர்க்கு இச்சிந்தனை அந்நியமன்று. வாடகைக்கு விட்ட வீட்டை உரிமையாளர் பிறருக்கு விற்றால், ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி விற்பனை செல்லும். ஆனால் வாடகை ஒப்பந்தம் முறியாது. ஈடு வைத்த பொருளின் நிலை வேறு. ஈடு பெற்றவரின் இசைவின்றிக் கடன் தவணைக்கு அப்பாலும் அதை வாடகைக்கு விட இடமில்லை. ஆகவே வங்கியின் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அங்கே வரம்பு மீறியவர் வீட்டுக்காரர். அவர் செய்த பிழைக்குத் தண்டனையை, பெட்டி படுக்கையோடு வீதியில் நிற்பவரா அனுபவிப்பது?

இதில் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. நெருக்கடிக்காகப் பிறந்த அச்சட்டத்துக்கு ஆயுள் குறித்திருந்தார்கள். 2014 இறுதியோடு அது காலாவதியானது. 2018 மே மாதத்தில்தான் நிலையான சட்டமாக மீண்டது. இடைப்பட்ட மூன்றாண்டுகளுக்கும் மேலான காலத்தில், வாடகையை ஒழுங்காகக் கட்டிய ஒரு குடும்பத்துக்கு 90 நாள் அவகாசம் கிடைக்குமா என்பது, அது எந்த மாநிலத்தில் குடியிருந்தது என்பதைப் பொறுத்தே இருந்தது.