நூற்றுவர் தலைவரின் சொல்



வேளாங்கண்ணித் திருவிழா முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்பே காவி உடுத்தி நடந்து வந்தவர்கள் நம் கோயில் வராண்டாவில் இரவு தங்கினார்கள். ஒருநாள் விடியற்காலை, நெற்றியில் குங்குமமும் காலில் துணிக்கட்டுமாக ஓர் அம்மா வந்து, "சாமி, இங்க கற்பூரம் ஏத்தலாமா?" என்று கேட்டார். நம் வழக்கம் மெழுகுவர்த்தி என்றேன். "அப்ப அதையே குடுங்க சாமி" என்று வாங்கி ஏற்றிவிட்டு, மாதா முன்னால் தரையில் விழுந்து கும்பிட்டார்.

போன அன்பியக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "ஃபாதர், எல்லாரும் வர்றாங்க, போறாங்க. இப்படியே போனா நமக்குன்னு என்ன மிஞ்சும்?" எனக்குக் கோபம் வரவில்லை. சிறுபான்மையாய் வாழ்கிறவனுக்கு வருகிற பயம் அது. எனக்கும் சில இரவுகளில் வரும்.

இன்று வாசித்த லூக்கா ஏழாம் அதிகாரத்தைப் பாருங்கள். கப்பர்நாகுமில் ஒரு நூற்றுவர் தலைவர். யூதர் அல்ல, படை அதிகாரி. அவருடைய பணியாளர் சாகக் கிடக்கிறார்; குணமாக்கும்படி பரிந்து பேச யூத மூப்பர்களே இயேசுவிடம் நடக்கிறார்கள். நம் மக்கள்மீது அன்பு உள்ளவர், நமக்குத் தொழுகைக்கூடம் கட்டித் தந்தவர், இந்த உதவிக்குத் தகுதியானவர் என்கிறார்கள். நம் தெருவில் வேற்று மதத்தார் யாராவது உங்களுக்காக இப்படிப் பரிந்து பேச வருவார்களா? நான் என்னையே கேட்டுப் பார்த்தேன். பதில் அவ்வளவு திருப்தியாக இல்லை.

இயேசு வீட்டை நெருங்கும்போது நூற்றுவர் தலைவர் நண்பர்களை அனுப்பி, வீட்டுக்குள் வர வேண்டாம் என்று தடுக்கிறார். வெறும் பணிவு என்று நாம் கடந்துவிடுகிறோம். பிற இனத்தார் வீட்டுக்குள் யூதர் நுழையக் கூடாது என்ற வழக்கம் அவருக்குத் தெரியும். பின்னாளில் கொர்னேலியு என்ற பிற இனத்தாரின் வீட்டில் பேதுருவே அதை வாய்விட்டுச் சொல்கிறார். ஆக, அடுத்தவருடைய மதத்தின் வாசற்படி எது என்று தெரிந்து வைத்திருந்தவர் இந்த நூற்றுவர் தலைவர். அதை மிதிக்கவும் இல்லை, அது இல்லாததுபோல நடிக்கவும் இல்லை. மூப்பர்கள் தகுதியுள்ளவர் என்ற மனிதர், தமக்குத் தகுதியில்லை என்கிறார். இயேசு வியந்து போகிறார்.

அந்த அதிகாரி பிறகு திருமுழுக்குப் பெற்றாரா? லூக்கா சொல்லவில்லை. ஆனால் நற்கருணை வாங்கப் போகுமுன், தகுதியில்லை என்று நாம் கைகுவித்துச் சொல்லும் அந்த மன்றாட்டு யாருடையது? பேதுருவுடையதா, யோவானுடையதா? வெளியே நின்ற இந்த மனிதருடையது. நம் திருப்பலியின் நெஞ்சுப் பகுதியில் ஒரு பிற இனத்தாரின் குரல் இருக்கிறது. நமக்கென்று இருப்பது அதனால் குறைந்துவிட்டதா?

வேளாங்கண்ணியிலும் அப்படித்தான். வழிவழியாகச் சொல்லிவருகிறபடி, மாதா தம் குழந்தைக்குப் பால் கேட்டது ஓர் இந்துப் பையனிடம். அந்த இடத்தைத்தான் திருத்தந்தை 23-ஆம் யோவான் 1962-இல் பசிலிக்காவாக உயர்த்தினார்.

அந்த அம்மாவிடம் நான் கற்பூரம் கூடாது என்றதும் சரிதான்; அது நம் வாசற்படி. அவரும் முகம் சுளிக்கவில்லை.

அடுத்த ஆண்டு வராண்டாக் கதவைப் பூட்டலாமா என்று பங்குப் பேரவை ஞாயிறன்று பேசப் போகிறது. நீங்கள் முடிவெடுங்கள். குடிநீர்த் தொட்டிக்கு மட்டும் இன்னொரு குழாய் வேண்டும். இந்த முறை வரிசை நீண்டுவிட்டது.

மன்றாட்டுகளுக்கு எழுந்து நிற்போம்.