வாசலில் நின்ற அன்னா



ஜூலை 26 புனிதர்கள் சுவக்கின், அன்னா திருநாள். மரியாவின் பெற்றோர் இவர்கள். நம் வீட்டு வழக்கில் சொன்னால், இயேசுவுக்குத் தாத்தா பாட்டி. இத்திருநாளை ஒட்டி வரும் ஜூலை மாத நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்தினார். இன்று அந்த ஞாயிறு.

இவர்கள் பெயர் திருவிவிலியத்தில் எங்குமே இல்லை. மத்தேயு தரும் தலைமுறை அட்டவணையும் யோசேப்பின் வழியாகத்தான் வருகிறது. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த ‘யாக்கோபின் முதல் நற்செய்தி’ என்ற நூல்தான் இவர்கள் கதையைச் சொல்கிறது. திருச்சபை அதை மறைநூலாக ஏற்கவில்லை. ஆனாலும் தொடக்கக் கிறிஸ்தவர்கள், ‘நம் ஆண்டவரின் பாட்டி யார், தாத்தா யார்’ என்று ஆசையோடு தேடியிருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி.

அந்தக் கதையைக் கேளுங்கள். சுவக்கின் வசதியானவர், பிள்ளை மட்டும் இல்லை. காணிக்கையோடு கோவிலுக்குப் போனவரை, வாரிசு இல்லாதவன் முந்திக்கொண்டு படைக்கலாமா என்று ஒருவர் தடுத்துவிட்டார். அவமானம் தாங்காமல், மனைவியிடம்கூடச் சொல்லாமல், பாலைநிலத்துக்குப் போய் 40 நாள் நோன்பிருந்தார். வீட்டில் அன்னாவுக்கு இரட்டைத் துக்கம். பிள்ளையும் இல்லை, கணவரையும் காணவில்லை. வேலைக்காரப் பெண்ணும் குத்திப் பேசினாள். கடைசியில் வானதூதர் நற்செய்தி சொல்ல, சுவக்கின் மந்தையோடு திரும்புகிறார். வாசலில் நின்ற அன்னா அவரைத் தூரத்தில் கண்டதும் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார். ‘ஏன் சொல்லாமல் போனீர்’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இத்தாலியின் பதுவா நகரிலுள்ள சிற்றாலயத்தில் ஓவியர் ஜொத்தோ 1305 வாக்கில் இந்தக் காட்சியைச் சுவரோவியமாகத் தீட்டினார். நரைத்த தாடிக்காரர் ஒருவர்; அவர் முகத்தைக் கைகளால் ஏந்தியபடி அன்னா. இரண்டு முகமும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அவர்களுடைய அன்பு மரியா பிறந்த பிறகு வந்ததல்ல. பிள்ளையில்லை என்ற ஏச்சுக்கு நடுவிலேயே அது இருந்தது. நம் பங்கிலும் அந்த ஏச்சைக் கேட்டுக் கண்ணீரோடு பீடத்தின் முன் நிற்கிற தம்பதியர் உண்டு. அவர்களைக் குத்திப் பேசுவது பாவம். இதை மழுப்பாமல் சொல்கிறேன்.

நம் சொந்தத் தாத்தா பாட்டியின் கதை நமக்கு எவ்வளவு தெரியும்? திருமுழுக்கையும் திருமணத்தையும் ஒவ்வொரு பங்கும் ஏட்டில் பதிய வேண்டும் என்று 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம் கட்டளையிட்டது. அதனால்தான் நம் பங்கு அலுவலக அலமாரியில் பழுப்பேறிய அந்தப் பெரிய ஏடுகள் இருக்கின்றன. சூசை, சின்னப்பன், அருளாயி, வியாகுலம்மாள் என்று வரிசையாகப் பெயர்கள்.

திருமண ஓலைக்காகச் சான்றிதழ் வாங்க வந்த ஒரு பெண், தன் தாத்தா பாட்டியின் திருமணப் பதிவைப் பார்க்க ஆசைப்பட்டாள். எடுத்துக் காட்டினேன். பாட்டி கையெழுத்துப் போட்டிருந்தார், எழுத்து கோணலாக இருந்தாலும் முழுப் பெயர். அருகில் தாத்தாவின் கைநாட்டு, மை அப்பி இருந்தது. அவளுக்கு ஆச்சரியம்: “தாத்தா நல்லா எழுதுவாரே, சாமி!” வீட்டுக்குப் போய்ப் பாட்டியைக் கேட்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில், வேலை முடிந்து வந்த மனிதரைத் திண்ணையில் உட்கார வைத்து, அடுப்புக்கரியால் எழுதிக் காட்டிப் பழக்கியது பாட்டிதானாம். ஊரார் கேலி செய்வார்களே என்று விளக்கு வைத்த பிறகுதான் பாடம். பின்னால் மகன் திருமணத்தில் சாட்சியாகத் தாத்தா கையெழுத்தே போட்டார். அவள் திரும்பி வந்து இதைச் சொன்னபோது, அந்தப் பக்கத்தையும் அவளுக்கு எடுத்துக் காட்டினேன். அழுதுவிட்டாள். அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்கு இது தெரியாது. யாரும் கேட்டதில்லை, பாட்டியும் சொன்னதில்லை.

நம் விசுவாசமும் இப்படி வந்ததுதான். திமொத்தேயுவுக்கு எழுதும்போது பவுல், அவருடைய நம்பிக்கை முதலில் பாட்டி லோயியிடமும், பிறகு தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்தது என்று நினைவூட்டுகிறார். நமக்குச் சிலுவை அடையாளம் போடக் கைபிடித்துச் சொல்லித்தந்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். பலருக்கும் அது பாட்டியின் கைதான்.

ஆகவே பிள்ளைகளே, இன்று மதியம் சாப்பிட்டு முடித்ததும் போனை ஓரமாக வைத்துவிட்டுத் தாத்தா பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். பாட்டி எந்த ஊரில் பிறந்தார், தாத்தாவின் அப்பா பெயர் என்ன, எந்தக் கோவிலில் கைபிடித்தார்கள், பஞ்ச காலத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதுங்கள். இறந்துபோனவர்களின் பெயர்களையும் தனியே எழுதிக் கொண்டுவாருங்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் திருப்பலியில் ஒவ்வொரு பெயரையும் வாசித்தே மன்றாடுவோம்.