கண்டனம் யாருக்குச் சொந்தம்?

பெஸ்தாரி ஜெயாவில் (பழைய ஆட்களுக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பத்திரிகையோடு வீட்டுக்குள் நுழைந்தால் அப்பா முதலில் கேட்பது இதைத்தான்: "இன்னிக்கு யாரு யாரைக் கண்டிச்சிருக்காங்க?" மீன் விலை கேட்பது மாதிரி கேட்பார். பதில் இல்லாமல் போனதே கிடையாது. ஒரு தலைவர் 'வன்மையாக', இன்னொருவர் 'கடுமையாக'.

2025 மார்ச் மாதம் ஏரா எஃப்எம் வானொலியின் மூன்று அறிவிப்பாளர்கள் 'வேல் வேல்' என்று சொல்லிக் காவடியாட்டத்தைக் கேலி செய்த காணொளி பரவியபோது எனக்கும் கோபம் வந்தது. ஒரு தலைவரின் கண்டன அறிக்கையை வாட்சப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டுத்தான் படுத்தேன். அடுத்த சில நாட்களில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் கண்டித்து முடித்தன. அறிவிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். நிறுவனத்துக்கு 250,000 வெள்ளி அபராதம். அதோடு முடியவில்லை. ஒரு சமயப் போதகர் காவடி எடுப்பவர்களைப் பற்றி முகநூலில் எதையோ எழுதிவைக்க, அவர்மேல் நூற்றுக்கணக்கான போலீஸ் புகார்கள். மறுபடியும் கண்டனங்கள்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அம்மா மட்டும் அந்த வாரம் வேறொன்று கேட்டார். "அஞ்சு தோட்டத்து வீட்டுக்கு யாருப்பா இப்படிக் கண்டிச்சது?"

மேரி, சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இந்த ஐந்து பெயர்களும் மனப்பாடம். தோட்ட வேலை போனபிறகும் லயத்திலேயே இருந்துவிட்டவர்கள், சொந்த வீடு கேட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் மகஜர் கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள். 2023இல்தான் பெர்ஜாயா நிறுவனம் தரும் 20 ஏக்கரில் 245 வீடுகள் கட்ட, மத்திய அரசும் சிலாங்கூர் அரசும் சேர்ந்து 7 கோடியே 50 லட்சம் வெள்ளி ஒதுக்குவதாக அறிவிப்பு வந்தது. அறிவிப்புக்கே அவ்வளவு காலம்.

இதில் கண்டிக்க ஒரு முகம் கிடைக்காது. காணொளியில் மூன்று முகங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஒழுகும் கூரைக்கு முகம் இல்லை. அதைக் கண்டித்தால் 'சரி, அதை மாற்றவேண்டியது யார்?' என்ற அடுத்த கேள்வி, கண்டித்தவர் வீட்டு வாசலுக்கே போய் நிற்கும். கையில் அதிகாரம் உள்ளவர் கண்டிக்கும்போது தன்னைப் பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்துக்கொள்கிறார் என்று எனக்குப் படுவது இதனால்தான். நம் பக்கத்தில் உட்கார்ந்து நம்மோடு சேர்ந்து ஆத்திரப்படுகிறார். நமக்கும் அது பிடித்திருக்கிறது. அவர் எழுந்து போய்ச் செய்யவேண்டிய வேலை ஒன்று இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

கண்டனம் உண்மையில் வேறு ஒருவருடைய சொத்து. 1941இல் பக்கத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. கேட்டதில் கூலி உயர்வும் உண்டு. துரையைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் உண்டு. அந்த மனிதர்களிடம் மாற்றி எழுதச் சட்டமோ ஒதுக்கச் பணமோ கிடையாது. 'இது தப்பு' என்று சொல்ல வாய் மட்டும்தான் இருந்தது. இராணுவம் வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள், முன்னின்ற ஆர். எச். நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது. இன்றைய கண்டன அறிக்கைக்கு என்ன விலை? உதவியாளர் தட்டச்சு செய்கிறார், மதியத்துக்குள் பத்திரிகைக்குப் போய்விடுகிறது.

"அப்போ தலைவன் வாயே திறக்கக் கூடாதா?" என்று நண்பன் ஒருவன் சண்டைக்கு வந்தான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சிறுபான்மையினரின் வழிபாடு கேலியாகும்போது ஓர் அமைச்சர் மௌனமாக இருந்தால் அம்மா மாதிரி ஆட்கள் கைவிடப்பட்டதாக நினைப்பார்கள். ஒரு தடவை, ஒரு வார்த்தை, அவசியம்தான். ஆனால் அபராதம் போட அதிகாரம் இருக்கும் அரசுக்கு 'வன்மையாக' எதற்கு? அபராதமே பேசிவிடுமே.

அரசனின் கடுஞ்சொல்லை, அளவு மீறிய தண்டனையோடு சேர்த்து, அவனுடைய வலிமையையே தேய்க்கும் அரம் என்கிறார் வள்ளுவர். முதலாண்டுப் பட்டறை வகுப்பில் இரும்புத் துண்டு ஒன்றை நாள் முழுக்க அராவியிருக்கிறேன். ஒவ்வொரு இழுப்பிலும் எதுவும் குறைந்த மாதிரியே தெரியாது. சாயங்காலம் அளந்தால் அளவு தப்பியிருக்கும். ஒரு வித்தியாசம், வள்ளுவர் காலத்துக் குடிகள் அந்தச் சொல்லுக்குப் பயந்தார்கள். நாம் பயப்படுவதில்லை, பழகிவிட்டோம். அப்பா அதைக் கேட்டுக்கொண்டே தேநீர் குடிக்கிறார்.

என் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாகவே அழிந்துபோனது. 63 பேர் பார்த்திருந்தார்கள். எனக்கு அதில் என்ன செலவானது என்று யோசித்துப் பார்க்கிறேன். டேட்டாகூட இல்லை, வீட்டு வைஃபை.