எல்லைக் கல்லும் சைக்கிளும்

"எல்லை எங்கே இருக்கிறது, மாமா?" என்று கேட்டான் என் மருமகன்.

சென்ற தை மாதம் அவனும் நானும் திருத்தணியிலிருந்து நகரிக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தோம். பொன்பாடிச் சாவடியில் வரிசையாக நின்ற லாரிகளைத் தாண்டி வந்து சிறிது தூரம்தான் ஆகியிருந்தது. இடப்பக்கம் மாந்தோப்பு, வலப்பக்கம் கரும்பு. எதிரே நகரி மலை தன் பெரிய மூக்கை நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. அந்த மூக்கு கடலில் வரும் கப்பல்காரர்களுக்குக்கூட ஒரு காலத்தில் அடையாளமாக இருந்ததாம். காற்று ஒன்றாக இருந்தது. மண் ஒன்றாக இருந்தது. கடைப் பலகைகளில் எழுத்து மட்டும் வளைந்து வட்டமாகியிருந்தது.

"தாண்டி வந்துவிட்டோம்" என்றேன்.

"எப்போது?"

எனக்கும் தெரியவில்லை. அவன் சிரித்தான். கல்லூரியில் படிக்கிறவன், உலகத்தைப் படங்களில் பார்த்தவன். ஐரோப்பாவில் மோசெல் என்று ஓர் ஆறு இருக்கிறதாம். அதன் கரையெல்லாம் திராட்சைத் தோட்டங்கள். அங்கே சைக்கிளில் புறப்படுகிறவன் ஒரே காலைப் பொழுதில் பிரான்ஸ், ஜெர்மனி, லக்ஸம்பர்க் என்று மூன்று நாடுகளில் கால் வைத்துவிடலாமாம். "எல்லை என்பதே பொய், மாமா. ஆற்றுக்குத் தெரியுமா அது? பறவைக்குத் தெரியுமா?" என்றான்.

இந்தப் பேச்சு கேட்க இனிமையாக இருக்கிறது. இருபது வயதில் நானும் இதைப் பேசியிருக்கிறேன். ஆனால் அந்த மோசெல் கரையின் கதையை முழுவதும் கேட்டால் இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. அதற்கு அருகிலுள்ள அல்ஸாஸ் என்ற திராட்சை நாட்டை 1871-ல் ஜெர்மனி எடுத்துக்கொண்டது. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரான்ஸ் திரும்பப் பெற்றது. 1940-ல் மறுபடி ஜெர்மனி. போரின் முடிவில் மறுபடி பிரான்ஸ். ஒவ்வொரு முறையும் பள்ளிக்கூடத்தின் மொழி மாறிற்று. இளைஞன் அணிய வேண்டிய இராணுவ உடுப்பு மாறிற்று. இத்தனைக்கும் பிறகுதான் 1985-ல், அந்த மோசெல் நதிக்கரையில் ஷெங்கன் என்ற சிற்றூரில், எல்லைச் சோதனைகளைக் கைவிடுவதென்று கையெழுத்திட்டார்கள். இன்று அங்கே சைக்கிளில் போகிறவன் உணரும் சுகத்துக்கு லட்சக்கணக்கான பேர் விலை கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சுகமும் நிரந்தரமல்ல. அண்மையில் சில எல்லைகளில் சோதனை மறுபடி தலைகாட்டியிருக்கிறது. பொய்யான ஒரு பொருளுக்காக மனிதன் இவ்வளவு அழுதிருப்பானா?

இதைச் சொல்லிக்கொண்டே நகரி போய்த் திரும்பினோம். பொன்பாடிக்கு இப்பால் என் பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. சாலையோரம் ஒரு கீற்றுக் கொட்டகை. வாசலில் பழைய டயர்கள் தொங்கின. பெரியவர் ஒருவர் மகனுக்கு உதவியாக உட்கார்ந்திருந்தார். டியூபை நீரில் அமிழ்த்திக் குமிழி தேடியபடியே மகனிடம் தெலுங்கிலும் எங்களிடம் தமிழிலும் பேசினார்.

"உங்களுக்கு எந்த ஊர், பெரியவரே?"

"இதே ஊர்தான், சார். வயசு எண்பத்து மூணு ஆச்சு. வீட்டை மாத்தவே இல்லை. ராஜ்யந்தான் என்னைத் தாண்டித் தாண்டிப் போச்சு."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் பிறந்தது சென்னை மாகாணத்தில். 1953 அக்டோபரில் ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அவரும் அங்கே போனார். 1956-ல் அது ஆந்திரப் பிரதேசம் ஆயிற்று. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியபோது அவரும் திரும்பினார். 1969-ல் அது தமிழ்நாடு ஆயிற்று. திண்ணையை விட்டு இறங்காமலே ஐந்து பெயர்களின் கீழ் வாழ்ந்துவிட்டார். அல்ஸாஸ் வரை போக வேண்டியதில்லை போலும்!

திருத்தணி மீண்ட வரலாற்றை என் மருமகன் ஓரளவு அறிவான். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானதிலிருந்து இந்தப் பகுதி அதில் இருந்தது. பழைய இலக்கணத்தின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைச் சொல்கிறது. அந்த நினைவோடு ம.பொ.சிவஞானம் போராடினார். மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் இந்த ஊர்களில் ஊதியம் கருதாமல் தமிழ் கற்பித்தார், போராட்டத்தில் முன்னின்றார். சிறை சென்றவர்கள் பலர். பின்னர் எச்.வி. படாஸ்கர் நடுவராக இருந்து, கிராமத்தை அலகாக வைத்து, எந்த மொழி பேசுவோர் மிகுதி, எந்த நிலம் எதனோடு தொடர்ந்து கிடக்கிறது என்று பார்த்துப் பிரித்தார். திருத்தணி இங்கே வந்தது. சத்தியவேடு பக்கம் அங்கே போனது. திருப்பதி அங்கேயே நின்றது. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் சண்டை ஓய்ந்தது.

அந்தப் போராட்டம் நியாயமானது என்றே நான் இன்றும் நினைக்கிறேன். மனிதன் தன் வழக்கைத் தன் மொழியில் சொல்ல வேண்டும். தன் பிள்ளை தன் மொழியில் படிக்க வேண்டும். தன்னை ஆளுகிறவன் எழுதும் உத்தரவு தனக்குப் புரிய வேண்டும். இதற்காகத்தானே கோடு கேட்டோம்? ஆகவே கோடு பொய்யல்ல. அது பள்ளிக்கூடம், அது நீதிமன்றம், அது ரேஷன் கார்டு.

"இந்தப் பக்கம் சேர்ந்ததில் உங்களுக்குக் குறை ஏதாவது உண்டா?" என்று கேட்டேன்.

பெரியவர் ஒட்டுப் போட்ட இடத்தைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே யோசித்தார்.

"குறை என்ன, சார்? முருகன் இங்கேதானே இருக்கார். ஒண்ணே ஒண்ணு. பேத்தி நல்லாப் படிக்கிறா. ஆனா வீட்டிலே பேசற பாஷையிலே அவளுக்கு ஓர் எழுத்துத் தெரியலே. என் தங்கச்சி நகரிப் பக்கம் இருக்கா. அவ புருஷன் கடிதாசி போடற காலத்திலே தெலுங்கிலேதான் போடுவார். அந்தக் கட்டு வீட்டிலே இருக்கு. எனக்கு அப்புறம் அதைப் படிக்க ஆள் இல்லை." பிறகு, நாங்கள் தவறாக நினைத்துக்கொள்வோமோ என்று பயந்தவர்போல், "அங்கேயும் இதே கதைதான். தங்கச்சிக்குப் பக்கத்து வீடு தமிழ்க் குடும்பம். அந்தப் பசங்களுக்குத் தமிழ் எழுத வராது" என்றார்.

மருமகன் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒட்டுக்குக் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம். ஆனால் அந்தக் கடிதக் கட்டு கூடவே வந்தது.

எந்த அலகை வைத்துப் பிரித்தாலும் சிலர் தவறான பக்கத்தில் அகப்படத்தான் செய்வார்கள். மாவட்டத்தை அலகாக வைத்தால் ஊர் அகப்படும். ஊரை வைத்தால் தெரு அகப்படும். தெருவை வைத்தால் வீடு அகப்படும். வீட்டுக்குள்ளேயே தாய் ஒரு மொழியும் தந்தை ஒரு மொழியுமாக இருந்தால் கோட்டை எங்கே போடுவது? 1888-ல் இதே திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனை நினைத்துக்கொண்டேன். பெயரின் முன்னால் நிற்பது நெல்லூர்ச் சீமையிலுள்ள சர்வபள்ளி. பள்ளிப் படிப்பு திருத்தணியிலும் திருப்பதியிலும், பிறகு வேலூர், பிறகு சென்னை. இன்றைய கோட்டை இரண்டு முறை தாண்டித்தான் அந்தப் பிள்ளை தத்துவத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

இங்கேதான் நம் மனச்சாட்சியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. நாம் போராடியது நிலத்துக்கா, நீதிக்கா?

நிலத்துக்கு என்றால், 1960-லேயே கதை முடிந்துவிட்டது; வென்றதை வைத்துக்கொண்டு மகிழலாம். நீதிக்கு என்றால், கதை அன்றுதான் தொடங்குகிறது. ஏனென்றால் 'தாய்மொழியில் படிக்கும் உரிமை' என்று நாம் எதை முழங்கினோமோ அது நமக்கு மட்டும் உரிய சொத்தாக இருக்க முடியாது. பொன்பாடியில் இருக்கும் தெலுங்குக் குழந்தைக்கும் அது உண்டு. நகரியில் இருக்கும் தமிழ்க் குழந்தைக்கு வேண்டும் என்று கேட்கிற அதே வாயால் இதையும் சொல்ல வேண்டும்.

2006-ல் தமிழ்நாட்டில் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. பிள்ளைகள் எல்லாரும், முதல் வகுப்பிலிருந்து படிப்படியாக, தமிழ் படிக்க வேண்டும் என்றது. இந்த மண்ணில் பிழைக்கப் போகிற பிள்ளைக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்பதில் தவறு காண மாட்டேன். ஆனால் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கியபோது தெலுங்கு, உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்காகச் சிலர் விலக்குக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தது. அவர்களைத் தமிழின் பகைவர்கள் என்று பேசியவர்களும் உண்டு. அதே நாட்களில் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகளில் ஆசிரியர் இல்லை, புத்தகம் இல்லை என்று நாம் வருந்தினோம். இரண்டும் ஒரே முறையீடு அல்லவா? குரல் வரும் திசை மட்டுமே வேறு.

மறுநாள் பள்ளிப்பட்டுக்குப் போனோம். பொதட்டூர்ப்பேட்டையில் தெருவெல்லாம் தறி ஓசை. நகரியிலும் இதே ஓசையை முந்தின நாள் கேட்டோம். பள்ளிப்பட்டில் குசஸ்தலை ஆறு மணலுக்கு நடுவே மெல்லிய ஓடையாகப் போய்க்கொண்டிருந்தது. மேலே ஆந்திரத்தில் அம்மப்பள்ளி அணையைத் தாண்டி வரும் ஆறு இது. இங்கிருந்து பூண்டி ஏரிக்குப் போகிறது. பூண்டித் தண்ணீர் சென்னையில் என் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. 1983-ல் இரு மாநிலங்களும் செய்த ஒப்பந்தத்தின்படி கிருஷ்ணா நீரும் 1996 முதல் அதே பூண்டிக்குத்தான் வருகிறது. மழைக்காலத்தில் அம்மப்பள்ளியில் மதகைத் திறந்தால் பள்ளிப்பட்டில் கரையோரத்து மக்களை எச்சரிக்க வேண்டும்.

ஆற்றுக்கு எல்லை தெரியாது என்றானே மருமகன், சரிதான். தெரியாததால்தான் மனிதனுக்குத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. கோட்டுக்கு அப்பால் இருப்பவனிடம், "தண்ணீர் வருகிறது, ஜாக்கிரதை" என்று சொல்ல ஒருவன் வேண்டும். அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஒருவன் வேண்டும். எல்லை இல்லாத உலகம் வரும்போது வரட்டும். அதுவரை, எல்லையோரத்தில் வாழ்கிறவனுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை இதுதான்: நம் பக்கத்தில் அகப்பட்டவனை விருந்தாளியாகவும் கருதாமல், தோற்றவனாகவும் கருதாமல், வீட்டுக்காரனாகக் கருதுவது.

செருவில் எழுந்த சினம் தணிந்து முருகன் வந்து அமர்ந்ததால் செருத்தணி, அதுவே திருத்தணி என்று பெயர்க் காரணம் சொல்கிறார்கள். சினம் தணிந்த பிறகுதான் அவன் அங்கே குடியிருக்கத் தொடங்கினான் என்பதை நாம் கவனிப்பதில்லை. ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுத்து வருகிறவர்களில் பாதை நெடுகத் தெலுங்கில் பேசி வருகிறவர்கள் எத்தனையோ பேர். முந்நூற்று அறுபத்தைந்து படிகளில் எந்தப் படியும் அவர்களை யார் என்று கேட்பதில்லை.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டேன். என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும் அல்லவா? நகரி பஸ் நிலையத்தில் ஒரு பஸ் நின்றது. "எங்கே போகிறது, மாமா?" என்றான் மருமகன். பலகையைப் பார்த்தேன். எல்லாம் வட்ட வட்டமாக இருந்தது. சென்னையில் பிறந்து வளர்ந்தவன் நான். மொழியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன். எண்பது கிலோமீட்டருக்குச் சற்றே அப்பால் இருக்கிற அண்டை வீட்டுக்காரனின் ஓர் எழுத்தைக்கூட இத்தனை வயது வரை கற்றுக்கொள்ளவில்லை. கண்டக்டரைக் கேட்டேன். அவர் நல்ல தமிழில் பதில் சொன்னார்.

அடுத்த தடவை போவதற்குள் அந்தப் பலகையை எழுத்துக் கூட்டியாவது படித்துவிட வேண்டும். முடிந்தால், பெரியவர் இருக்கும்போதே, அந்தக் கடிதக் கட்டில் ஒன்றையாவது.